நோலீனின் வேக்குவம் கிளீனர்

நூலகக் கம்ப்யூட்டரில் நான் பேங்க் பக்கத்தைத் திறந்தால் போதும், அங்கே வேலை பார்க்கும் நோலீன் வேக்குவம் கிளீனரைப் போட்டுவிடுவாள். காது கிழியும்.

குதிரைப் பந்தயச் செய்தி படிக்கும்போது போடமாட்டாள். மழை வருமா என்று பார்க்கும்போதும் போடமாட்டாள். பேங்க் என்றால் மட்டும் உர்ர்ர்!

ஏன்?

எங்கள் கூனம்பிள் ஊர்க் கண்காட்சியில், எடை கூட்ட என் பூசணிக்காய்க்குள் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன் என்று சொல்லிப் போட்டியிலிருந்தே தள்ளியவள் இவள்தான். பல வருஷமாகிறது. அன்றிலிருந்து அவள் சொல்லும் எதையும் நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த நேரத்தில் நூலகக் கதவில் ஒரு போலீஸ் நோட்டீஸ். நாம் தட்டுகிற எழுத்தையெல்லாம் ஒளிந்திருந்து திருடும் ப்ரோக்ராம் சுற்றுகிறதாம். பெயர் கீலாகர். பாஸ்வேர்டு போனால் என் பென்ஷன் மொத்தமும் போச்சு. எனக்கு வேறு வரும்படி கிடையாது.

பொறி தட்டியது.

"நோலீன், நான் பேங்க் பாக்கறது உனக்கு எப்படித் தெரியுது?"

"கண்ணு இருக்கே மெர்வ்."

"அப்ப மட்டும் ஏன் பெருக்குற?"

"அப்பதான் தூசி தெரியுது."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த க்ளிஃப் சிரித்தான். "விடு பெருசு. அது உன் மேல இருக்கிற தூசிதான்."

விடுவேனா? கவுன்சிலில் புகார் கொடுத்து, கம்ப்யூட்டர்க்காரன் டேமியனை வரவழைத்தேன்.

அவன் கீபோர்டு வயரைப் பிடுங்கிப் பார்த்தான். பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்தான். ஏதோ சோதனை ஓடவிட்டான்.

"சுத்தமா இருக்கு மெர்வ். எந்தத் திருட்டு ப்ரோக்ராமும் இல்ல. ஒவ்வொருத்தர் எழுந்து போனதும் நோலீன் ரீஸ்டார்ட் பண்ணிடறாங்க. எதுவும் தங்காது."

"அப்ப அந்தச் சத்தம் எதுக்கு? இன்னிக்கு அதைப் போடக்கூடாது. பக்கத்துல நின்னு நீயே பாரு."

நோலீன் கையைப் பிசைந்தாள். "வேணாமே மெர்வ்..."

"பாத்தியா, பயப்படறா!"

உட்கார்ந்தேன். பேங்க் பக்கம் வந்தது. ஒற்றை விரலால் முதல் எழுத்து. அடுத்தது. அதற்கடுத்தது.

க்ளிஃப் பேப்பரைத் தாழ்த்தினான். கதைப்புத்தக அலமாரியருகே நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

டேமியன் பாய்ந்து பொத்தியது கீபோர்டை அல்ல, என் வாயை.

நோலீன் ஓடிப்போய் வேக்குவம் கிளீனரைப் போட்டாள்.

அந்த இரைச்சலுக்கு மேலே டேமியன் கத்தினான்: "பாஸ்வேர்டை எழுத்து எழுத்தா உரக்கச் சொல்லிக்கிட்டேவா தட்டுவீங்க?"