பச்சை கட்டிய பைகள்

குடில் வாசலில் தொங்கிய சாக்கை விலக்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

வெள்ளையாக இருக்க வேண்டிய பைகளில் பச்சை.

கீற்றுக் குடிலுக்குள் வைக்கோல் அடைத்த, துளையிட்ட பைகள் வரிசையாகத் தொங்கின. சிப்பிக் காளான். அக்காவின் ஆபரேஷனுக்காக அவள் கோவைக்குக் கிளம்பும்போது வைக்கோலில் காளான் இழை பரவி வெளுக்கத் தொடங்கியிருந்தது. திரும்பும்போது மொட்டு விட்டிருக்கும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தாள்.

தரை மணல் ஈரமாக இருந்தது. சுற்றிக் கட்டியிருந்த சாக்குகளும் ஈரமாக இருந்தன.

யாரோ ஒழுங்காகத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பின்னால் அவள் கணவர் நல்லசிவம் வந்து நின்றார். பஸ் நிறுத்தத்திலிருந்து அவளுடைய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், வீட்டுக்குள் போக விடாமல் நேரே இங்கே கூட்டி வந்திருந்தார்.

"அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல், சம்பூரணம். நான்தான் ரெண்டு நேரமும் தண்ணி அடிச்சேன்."

பைகளைக் காட்டி இன்னும் கொஞ்சம் சொன்னார்.

"தொளைக்குள்ள வெரல வெச்சு ஈரம் பாத்துப் பாத்துத்தான் அடிச்சேன். ஒரு பையக்கூட விடல. நல்லாப் பச்சை கட்டியிருக்குது, பாத்தியா."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் விளையாடவில்லை.

மூன்று வருடமாக இந்தக் குடிலுக்குள் எட்டிப் பார்க்காதவர். யாராவது கேட்டால், வைக்கோலில் பூசணம் வளர்க்கிறாள் என்று சொல்லிச் சிரிப்பவர். அவருக்கு எல்லாம் மஞ்சள் காடுதான்.

போன வருடம் அந்தக் காட்டில் கிழங்கு அழுகிப் பாதிக்கு மேல் போய்விட்டது. பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை அவர். வேளாண்மை ஆபீசில் அழுகலுக்கு மருந்தாக விரிடிப் பாக்கெட் கொடுத்தார்கள். அதுவும் ஒரு பூசணம்தான். மக்கிய எருவில் கலந்து, தண்ணீர் தெளித்து, நிழலில் மூடி வைத்தால் மேலே பச்சை படரும். அப்படியே கொண்டுபோய் மண்ணில் போட்டால், கிழங்கை அழுக வைக்கும் பூசணத்தைத் தின்றுவிடும்.

இந்த வருடம் காடு தப்பித்தது அதனால்தான்.

தினமும் விடிந்ததும் எருக்குவியலைக் கையாலேயே கிளறிப் பார்ப்பார். பச்சை கட்டியிருந்தால் அன்று முழுக்க அவர் பேச்சில் ஒரு தெம்பு இருக்கும்.

அதே பச்சை.

அழுகல் எது, காளான் எது என்று விரிடிக்குத் தெரியாது. இரண்டுமே அதற்குப் பூசணம். தின்னும்.

அவள் குடிலுக்குள் நடந்தாள். ஒவ்வொரு பையிலும், ஒவ்வொரு துளையைச் சுற்றியும், விரல் பட்ட அகலத்துக்குப் பச்சை.

எருவைக் கிளறிய விரல்.

அவர் தொடாத பை ஒன்றாவது இருக்காதா என்று தேடினாள். கடைசி வரிசையில், மூலையில், தாழ்வாகத் தொங்கிய பையிடம் போனாள். அதிலும் பச்சை. அதை எட்ட வேண்டுமானால் மற்ற பைகளுக்கு அடியில் தவழ்ந்துதான் போயிருக்க வேண்டும்.

முழங்கால் வலிக்காரர்.

அவளுக்கு அழுகை வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆமாங்க, நல்லாக் கட்டியிருக்குதுங்க என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கும் வருவார். நாளைக்கும் தொடுவார்.

"ஏனுங்க," என்றாள். "எருவுக்குத்தானுங்க இது நல்லது. இங்க வந்தா காளான் வராதுங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. பைகளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

நகக்கண்களில் எரு இருந்தது.

அவர் துணிப்பையை வெளியே வைத்துவிட்டு வந்து முதல் பையை அவிழ்த்தார். பச்சை பறக்காமல் இருக்க அவள் ஈரச் சாக்கால் ஒவ்வொன்றையும் சுற்றிக் கொடுத்தாள். அவர் தோளில் வாங்கிக்கொண்டு போய் எருக்குவியலில் கொட்டிவிட்டு வந்தார். மத்தியானம் அவள் சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

குடில் காலியானது.

காலியாகப் பார்த்தபோது அது இவ்வளவு பெரியதா என்று அவளுக்கு இருந்தது.

வெயில் தாழ்ந்ததும், ஒட்டிய பச்சை சாக, நசுக்கிய பனைமட்டையால் மூங்கில்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நாள் ஆறப்போட்டு, புது வைக்கோல் வேகவைத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

அவர் வெளியே நின்றார். வாசலைத் தாண்டவில்லை.

"இனி நான் இந்தப் பக்கம் வரல," என்றார். கோபமில்லை. அவளுக்கு ஒரு உத்தரவாதம் கொடுப்பதுபோலச் சொன்னார்.

அவள் மட்டையை வாளியில் வைத்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில், விடிந்ததும் அவர் கால் முதலில் போகும் இடம் காடுதான். மகன் பிறந்த அன்றுகூட மஞ்சளுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

"வாங்க," என்றாள். "குளிச்சுட்டு, எருவத் தொடறதுக்கு முந்தி மொதல்ல இங்க வாங்க. அப்பறம் காட்டுக்குப் போங்க."

அவர் தன் கைகளை மறுபடி பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் நடந்தார்.

அவள் மட்டையை எடுக்காமல் நின்றாள்.

தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கேட்டது.