ரெண்டு சாய்கோடு

"மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள சரி பண்ணணும். இல்லேன்னா பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பலாம்" என்றார் மேனேஜர்.

சர்வர் ரூம்காரர் தலையை ஆட்டினார். நாலு மாசமாக இதே ஆட்டல்தான். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார். ஆபீஸில் அவருக்குப் பெயரே 'பார்க்கலாம்'.

பிரச்சினை இதுதான். ஆபீஸுக்குள் ஒரு நேம் சர்வர் இருக்கிறது. கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்தால் அதன் நம்பரைச் சொல்லும். நம்பரைக் கொடுத்தால் பெயரைச் சொல்லணும். இரண்டாவது வேலை நடக்கவில்லை.

பில்லிங் சாஃப்ட்வேரில் யார் நுழைந்தாலும், இந்த நம்பர் யாருடையது என்று அது நேம் சர்வரைக் கேட்கும். பதில் வராது. அரை நிமிஷம் முழித்துவிட்டு அப்புறம்தான் திறக்கும்.

இதில் அதிகம் கொதித்தவன் பில்லிங் பிரிவில் இருந்த வாயாடி.

"ஒரு நாளைக்கு நாப்பது தடவை உள்ளே போறேன். இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருக்கேன்."

பாக்கி நேரத்தில் என்ன செய்தான் என்று யாரும் கேட்கவில்லை.

"அரை நிமிஷம் பொறுத்தா உசுரா போயிடும்? இப்படியே இருக்கறது உனக்கும் நல்லதுப்பா" என்றார் பார்க்கலாம், மெதுவாக.

"எனக்கா? உங்களுக்குன்னு சொல்லுங்கண்ணே. கையைக் கட்டிக்கிட்டே காலத்தை ஓட்டலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். பார்க்கலாம் ஏதோ சொல்ல வந்தார். மேனேஜர் அங்கேயே நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் முடிந்தது. நேம் சர்வர் அப்படியே இருந்தது.

"நான் சொன்னேன்ல சார், இந்த ஆளு தேற மாட்டாருன்னு. என் கொழுந்தியா இதே வேலைதான் பாக்குறா. கூப்பிடட்டுமா?" என்றான் வாயாடி.

கொழுந்தியா வந்தாள். வாயாடியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். பெயரைக் கொடுத்தாள், நம்பர் வந்தது. நம்பரைக் கொடுத்தாள், ஒன்றும் வரவில்லை. சர்வருக்குள் போய்ப் பார்த்தாள். நம்பரும் பெயரும் உள்ள பட்டியல் இருந்தது. அதைத் திறந்தவள் கண்ணைச் சுருக்கினாள்.

"அத்தான், பட்டியல் சுத்தமா இருக்கே. போன வாரம் மாடிக்கு மாத்தின கம்ப்யூட்டரைக்கூட எழுதியிருக்காரு. சோம்பேறி எழுதற பட்டியல் இல்ல இது."

"அப்புறம் ஏன் ஓடல?"

"இந்தப் பட்டியலைப் படின்னு சர்வருக்குச் சொல்ற வரி ஒண்ணு இருக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு சாய்கோடு போட்டிருக்காரு. கோடு இருந்தா சர்வர் அந்த வரியைக் கண்டுக்காது."

"ரெண்டு கோடு. அதை அழிக்க மனுஷனுக்கு நாலு மாசம். நீ அழிம்மா."

அழித்தாள். சர்வரை மறுபடி ஓடவிட்டாள். நம்பரைக் கொடுத்ததும் பெயர் வந்து நின்றது. பில்லிங் பட்டென்று திறந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பார்க்கலாம் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வாசல்வரைக்கும்கூட யாரும் போகவில்லை. வேகம் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

"கோட்டுக்குப் பக்கத்துல ஒரு தேதி போட்டு வச்சிருக்காரே. மார்ச் ஒன்பது. அன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள் கொழுந்தியா.

மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். அதனால் உண்மை வந்துவிட்டது.

"அன்னைக்குத்தான் ஹெட் ஆபீஸ்ல, கம்ப்யூட்டர்லயே புகார் எழுத ஒரு பக்கம் திறந்தாங்க. பேர் போடாம யார் வேணா எழுதலாம்னு. எழுதினாங்களே, பூராவும் என்னைப் பத்தி. ரிப்போர்ட்டைத் திறந்தா, எழுதின கம்ப்யூட்டரோட நம்பர் மட்டும்தான் இருக்கு. எது யாரோட நம்பருய்யான்னு கேட்டா, நேம் சர்வர் சரியானாத்தான் தெரியும் சார், பார்க்கலாம்னே ஓட்டிட்டார் அந்த ஆளு."

கைதட்டல் நின்றது. நாலைந்து பேர் அவரவர் கீபோர்டைக் குனிந்து பார்த்தார்கள்.

"பில்லிங் ஸ்லோன்னுதானே சார் சரி பண்ணச் சொன்னீங்க?" என்று கேட்டாள் டைப்பிஸ்ட்.

"அதுவும்தான்."

மேனேஜர் பக்கத்து மேஜையிலேயே ரிப்போர்ட்டைத் திறந்து உரக்கப் படித்தார்.

"முதல் புகார். 'மேனேஜர் ரூமுக்கு மட்டும் ஏசி. எங்களுக்கு அவர் வாயிலேர்ந்து வர்ற காத்துதான்.' நல்லாத்தான் எழுதியிருக்கான்."

நம்பர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெயர் இருந்தது. மேனேஜர் கண்ணாடியைத் தேடினார்.

தான் செய்த வேலை சரியாக ஓடுகிறதா என்பதிலேயே குறியாக இருந்த கொழுந்தியா எட்டிப் பார்த்து, பெருமையாகச் சொன்னாள்.

"கண்ணைச் சிமிட்டறதுக்குள்ள வந்துடுச்சு பாருங்க அத்தான். பில்லிங்-டூ. உங்க கம்ப்யூட்டர்."