கடை மெழுகுவத்தி ஆகாது

“மெழுகு உருகிடுச்சா?” என்று கேட்டார் கணவர்.

“வாசனை வந்துடுச்சே, தெரியலையா?” என்றபடி திரிநூலைத் தேன்மெழுகில் முக்கி எடுத்தாள் மனைவி.

அவர் அதைத் தடவிப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் பருமனா வரட்டும். விடியற வரைக்கும் எரியணும்.”

சாவி வாங்க வந்து நின்ற மாடிவீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். “தப்பா நினைக்காதீங்க சார். உங்க ரெண்டு பேருக்குமே பிறவியிலேருந்து கண்ணு தெரியாது. மெழுகுவத்தி எதுக்கு?”

“எங்களுக்கா?” என்றார் கணவர். “இருட்டுல அவர் எங்க கட்டில்ல வந்து இடிச்சுக்கிறார், பாவம். கடை மெழுகுவத்தின்னா ஊதி அணைச்சுடுறார்.”

“வீட்ல நீங்க ரெண்டு பேர்தானே? யாரு அவர்?”

“அதை நாங்களே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தோம்,” என்றாள் மனைவி. “உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே. உங்க பின்னாடிதான் மூச்சு விடுறார், கொஞ்சம் திரும்பிப் பாத்துச் சொல்லுங்களேன்.”