கதவோரம் கிடந்த கோப்பை

"யார் பண்ண வேலை இது?"

கணக்குப் பிரிவுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மேலாளர் வெடித்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் 'பட்டாசு' என்றுதான் சொல்வார்கள்.

அவர் தாடையால் காட்டிய இடத்தில், இந்த ஆண்டின் சிறந்த ஊழியருக்கான வெண்கலக் கோப்பை தரையில் கிடந்தது. தானாகச் சாத்திக்கொள்ளும் கனத்த கதவுக்கு யாரோ அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"நான்தான் சார்" என்று எழுந்தாள், நேற்று மேடையில் அதை வாங்கியவள்.

"நெனச்சேன்! அடுத்த மாசம் நான் ரிட்டயர் ஆகறேன். இந்தக் கோப்பைக்காக ராப்பகலா உழைச்சவன்மா நான். கடைசி வருஷமாவது கெடைக்காதான்னு ஏங்கிக் கெடந்தேன். உன் கையில தூக்கிக் கொடுத்தாங்க. நீ தரையில போட்டிருக்கே! திமிர்தானே?"

"இல்ல சார்..."

"பேசாதே! வாழ்க்கையில ஜெயிச்சதுக்கு அடையாளம்மா அது. முட்டுக் கொடுக்க உனக்கு ஒரு செங்கல் கெடைக்கலையா?"

"செங்கல் வெச்சா கூட்டறவங்க எடுத்துப் போட்டுடறாங்க சார். கோப்பைன்னா யாரும் தொட மாட்டாங்க." அவள் குரல் இறங்கியது. "தினமும் வெளியே நின்னுட்டே இருப்பீங்க, யாராவது நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும். ஒருநாள்கூட எங்களைக் கூப்பிட்டதில்லை."

இன்று யாருக்காகவும் நிற்காமல் உள்ளே வந்துவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இரு கக்கத்திலும் இருந்த ஊன்றுகோல்களை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சரி, சரி" என்று அதட்டினார், கோபம் தணியாதவர் போலவே. "பேர் தெரியற மாதிரி திருப்பி வைம்மா. உள்ள வர்றவன்லாம் படிக்கட்டும்."