அஞ்சாவது தடவையும் வலப்பக்கம்

'தொப்!'

உயரத்திலிருந்து மூட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம். பின்னாலேயே ஒரு குட்டி மணி, 'டிங்'.

பால்கனிக் குழாயடியில் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் பல்லைக் கடித்தாள். இன்றைக்கு இது நாலாவது தொப்.

"மாமா இன்னும் தூங்கலையாக்கா?" ஹாலிலிருந்து தம்பி கேட்டான்.

"படுத்தாத்தானேடா தூங்க! ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்ததும் வராததுமா அந்தப் பெட்டி முன்னாடி உட்கார்ந்தாச்சு. ரெண்டு மாசமா இதே கூத்து."

தம்பி லேப்டாப்பை வாங்கிப்போக வந்திருந்தான். அவன் மகளுக்குக் கல்லூரியில் ஏதோ ப்ராஜெக்ட். 'வீட்டுல சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோ' என்று அவளே வாக்குக் கொடுத்திருந்தாள்.

இருவரும் அறை வாசலில் போய் நின்றார்கள்.

டி.வி.யில் ஒரு குட்டி மனிதன் பாலத்தில் ஓடிக்கொண்டிருந்தான். விளையாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு வயர் சின்னக் கறுப்பு டப்பாவுக்குப் போய், அங்கிருந்து லேப்டாப்புக்குப் போயிருந்தது. லேப்டாப் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி.

"அக்கா, மாமா ஆட்டத்தை அப்படியே ரெக்கார்ட் பண்றாரு! யூடியூப்ல போடவா மாமா?"

"இல்ல மச்சான்" என்றார், திரும்பாமல்.

பாலம் முடிந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. குட்டி மனிதன் வலப்பக்கம் தாவினான். அங்கே பாறையும் இல்லை, பலகையும் இல்லை.

'தொப்!' 'டிங்!'

"ஐயோ மாமா! இடப்பக்கம் கயிறு தொங்குது பாருங்க. அதைப் பிடிச்சா நேரா கோட்டைதான்!"

"தெரியும் மச்சான்."

"தெரிஞ்சுமா விழுறீங்க?"

அவர் ரெக்கார்டிங்கை நிறுத்தினார், வீடியோவை யாருக்கோ அனுப்பினார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

தம்பி ஃபோல்டரைத் திறந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"அறுபது வீடியோக்கா! ரெண்டு மாசமா ஒரே ஆட்டம். என் பொண்ணுன்னா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பா. இவரைப் போயா பட்டறையில 'நூல்'னு கூப்பிடுறாங்க?"

அவளுக்குச் சுருக்கென்றது. மெஷின் செட் பண்ணினால் ஒரு நூல் பிசகாது என்பதால் வந்த பேர் அது. கல்யாணத்துக்கு வந்த முதலாளியே மைக்கில் சொன்னார். அதை அவள் சொல்லாத ஆளில்லை, கேட்டுச் சலிக்காத சொந்தமில்லை.

"மனசு சரியில்லாம இருக்கும்டா. கூட வேலை பார்த்தவருக்குத் தகடு அடிக்கிற பிரஸ்ல ரெண்டு கையும் மாட்டினதிலேருந்தே இப்படித்தான்."

"அந்தக் கூட்டாளியா? இப்ப எப்படி இருக்காரு?"

"யார் போனாலும் சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குறாராம். இவரே வாசலோட திரும்பி வந்துட்டாரு."

"அதுக்கு விளையாட்டா மருந்து? வயரைக் கழட்டுக்கா. நான் கிளம்புறேன்."

அவள் கறுப்பு டப்பாவின் வயரில் கை வைத்தாள். மேஜை மேல் அவருடைய போன் கிணுகிணுத்தது.

"யாருன்னு பாரு!" குளியலறையிலிருந்து குரல். "பட்டறையிலேருந்து ஏதாவது பேசி அனுப்பியிருந்தா சத்தமாப் போடு, தலையில சோப்பு!"

அவள் போட்டாள்.

"டேய் நூலு..." கரகரத்த குரல். "பார்த்தேன்டா. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அஞ்சாவது தடவையும் விழுந்துட்டேனே! என்ன சிரிக்கிற? வலப்பக்கம்தான் வழி, எனக்குத் தெரியும். நான் அவசரப்பட்டுட்டேன். நாளைக்குப் பாலத்து நுனியில ஒரு நிமிஷம் நிப்பேன். அப்புறம் தாவுவேன். நீ உன் மூளையை இதுல சேர்க்காதே, இது என் ஆட்டம். ஏய், போனை ஆட்டாமப் பிடி! ... உன்னை இல்லடா, என் வீட்டுக்காரியை. அவளும் சேர்ந்து பார்க்குறா. ரெண்டு மாசத்துல இன்னைக்குத்தான் சிரிக்கிறா."

குரல் நின்றது. தம்பியின் சிரிப்பு எப்போது நின்றதோ தெரியவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் இருவர் முகத்தையும் பார்த்தார். வயரில் இருந்த அவள் கையையும் பார்த்தார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான்" என்றார், திருடிப் பிடிபட்டவர் போல. "ரெண்டு கட்டை விரலும் போச்சு. மூஞ்சியைப் பார்க்க வராதே, ஆட்டத்தை மட்டும் அனுப்புன்னான். எங்க போகணும்னு அவன் சொல்வான், நான் அமுக்குவேன்."

"கயிறு இடப்பக்கம் இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடலாமே மாமா?"

"விளையாடுறது அவன் மச்சான். நான் வெறும் விரல்."

அவள் வயரை விட்டாள். டப்பாவின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

"தம்பி, பொண்ணை மத்தியானம் இங்கேயே வந்து எழுதச் சொல்லு. காலைல லேப்டாப்புக்கு வேலை இருக்கு."

"சரிக்கா."

"அப்புறம், அறுபதையும் எண்ணினியே. இன்னைக்கு அஞ்சு தடவையும் விழுந்தது ஒரே இடம்." அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்தது. "ஒரு நூல் பிசகியிருக்கா பாரு."

குழாயடிக்குப் போய், பாதியில் விட்ட அவருடைய சட்டைக் காலரை மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.