ஏழு மணிக்குச் சிங்கம்

தென்னாப்பிரிக்கக் காட்டில் பிள்ளைகளோடு தாமே வண்டி ஓட்டி விலங்கு பார்க்க, தணிகாசலம் ஆறு மாசம் உட்கார்ந்து திட்டம் போட்டார். அந்தத் திட்டம் வாடகை ஜீப்பின் பின்பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் விறைப்பாகச் சாய்ந்திருந்தது. அதன் காலடியில், ரைஸ் குக்கருக்கும் புளிக்காய்ச்சல் டப்பாவுக்கும் கீழே ஸ்டெப்னி நசுங்கிக் கிடந்தது.

"சார், எனக்குச் சுத்தமா காத்து இல்ல. கிளம்புறதுக்கு முன்னாடி என்னையும் ஒரு பார்வை பார்க்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்று கேட்டது ஸ்டெப்னி.

"ஆறு பத்துக்கு யானை, ஏழு மணிக்குச் சிங்கம், எட்டரைக்குப் புளிசாதம். இருபது பக்கமும் நிரம்பி வழியுது. இதுல உனக்கு எங்கய்யா இடம்?" என்றது திட்டம்.

ஸ்டெப்னி குக்கருக்குக் கீழே இன்னும் கொஞ்சம் நசுங்கியது.

மறுநாள் ஆறு பத்துக்கு யானை வரவில்லை. "யானைக்குப் பொறுப்பே கிடையாது" என்று திட்டம் முகம் சுளித்தது.

ஆறு ஐம்பதுக்கு முள் குத்தி முன்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. தணிகாசலம் பின்கதவைத் திறந்து, குக்கரைத் தள்ளி, முதல்முறையாக ஸ்டெப்னியை அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போனது. அப்படியே தலையில் கைவைத்து நின்றார்.

பக்கத்துப் புதர் உறுமியது. அவர் அலறியபடி வண்டிக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளைகள் வீரிட்டார்கள்.

திட்டத்துக்கு மட்டும் பூரிப்பு தாங்கவில்லை.

"மணியைப் பாருய்யா, சரியா ஏழு!"