மூன்றாம் முறை கூப்பிட்டபோது

"எது கேட்டாலும் திரும்பிப் பார்க்காதே அர்கிரோ. வயித்துல புள்ள இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ."

"இன்னும் கூப்பிடவே ஆரம்பிக்கலையே அண்ணி. அதுக்குள்ள என்ன கேட்கப்போகுது?"

"சொல்லி வைக்கிறேன்" என்றாள் செவஸ்தி.

மலையிடுக்கு வழியாக மூன்று பேர் கரைக்கு இறங்கியிருந்தார்கள். முன்னால் நிகிதாஸின் அக்கா செவஸ்தி, அடுத்து அவன் மனைவி அர்கிரோ, கடைசியில் காலிச் சாக்குடன் செவஸ்தியின் கணவன் ஸ்தமாதிஸ். குளிர்காலத்தில் இந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள்கூட வருவதில்லை. மணலே இல்லாத கரை, முழுக்கக் கூழாங்கல். ஒவ்வோர் அலையும் திரும்பும்போது கற்களை வாரி இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கடகடப்பில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே பாதிதான் காதில் விழுந்தது.

நிகிதாஸ் கடலில் இருந்தபோது அடித்த புயலுக்குப் பிறகு அவன் படகுப் பலகை ஒன்று இங்கேதான் மிதந்தது. உடல் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காதவனுக்கு அந்தத் தீவில் ஒரு முறை உண்டு. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்கு அணியும் மேலங்கியைச் சவப்பெட்டியில் விரித்து, கடல் அவனைக் கொண்டுபோன இடத்துக் கற்களை அதன்மேல் நிரப்பிப் புதைப்பார்கள். கல் எடுப்பதற்கு முன் அவன் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் நல்லது. வந்தால் பேசக் கூடாது, பார்க்கக் கூடாது. ஒப்பாரியை உரக்கப் பாடிக்கொண்டே மேலே ஏறிவிட வேண்டும்.

"கல்லை எடுத்துட்டா அவர் செத்தது நிஜமாயிடுமே அண்ணி."

"என் தம்பிடி அவன். எனக்கு மட்டும் ஆசையா? அவன் அலையாம இருக்கணும்னா இதுதான் வழி."

"பெரிய கல்லா எடுக்காதீங்க" என்றான் ஸ்தமாதிஸ். "நான்தான் சுமக்கணும்."

"ஆமா, உங்க முதுகுக்கு அளவெடுத்து கடவுள் தனியா கல்லு செஞ்சு வச்சிருக்கார். சும்மா நில்லுங்க."

அர்கிரோ கடலைப் பார்த்து நின்று கூப்பிட்டாள். "நிகிதாஸ்!"

அலை வந்து போனது.

"நிகிதாஸ்!"

ஒன்றுமில்லை. மூன்றாம் முறை அவள் குரல் உடைந்தது. அலை திரும்பிக் கற்கள் அடங்கிய அந்தச் சிறு இடைவெளியில், கரையின் மேற்குக் கோடியில், பாறைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அர்கிரோ..."

ஸ்தமாதிஸின் கையிலிருந்து சாக்கு நழுவியது. "எதிரொலி" என்றான்.

"எதிரொலின்னா நிகிதாஸ்னுதானே வரணும்?" என்றாள் அர்கிரோ.

செவஸ்தி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி அலை, மறுபடி கற்கள். மறுபடி அந்தக் குரல். நிகிதாஸின் குரல்தான். ஆனால் உப்பில் ஊறியதுபோல் கரகரத்தது.

"நீ வா... என்னால அங்க வர முடியாது... நீதான் இங்க வரணும்..."

"கேட்டியா? அப்படித்தான் கூப்பிடும். எங்க சித்தப்பா மூழ்கினப்போ சித்தியையும் இப்படித்தான் கூப்பிட்டுச்சாம். போனவ வரவே இல்லை."

"குளிருது அர்கிரோ... ராத்திரியில தண்ணி இடுப்பு வரைக்கும்..."

அர்கிரோவின் கால் ஓர் அடி நகர்ந்தது. கற்கள் சரிந்தன. "குளிருதாம் அண்ணி."

"கடலுக்கு அடியில குளிராம?"

ஸ்தமாதிஸ் சிலுவை போட்டுக்கொண்டு, மண்டியிட்டு இரண்டு கையாலும் கற்களை அள்ளிச் சாக்கில் போட்டான். "பாவமா இருக்குடி. ஒரே ஒரு வார்த்தை பதில் சொன்னா என்ன ஆயிடும்?"

"சொல்லுங்க. அடுத்த வாரம் உங்களுக்குக் கல்லு பொறுக்க வர்றேன்."

அவன் சாக்கின் வாயைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டான்.

பாறைப் பக்கத்திலிருந்து இப்போது வேறொரு சத்தம். எதுவோ கற்களின்மேல் இழுபட்டு வருவதுபோல. கொஞ்சம் இழுபடும், நிற்கும். மறுபடி இழுபடும். அதில் காலடிச் சத்தமே இல்லை.

செவஸ்தி ஒப்பாரியைத் தொடங்கினாள். அவள் குரலுக்கு முன்னால் அலைகூட அடங்கியதுபோல் இருந்தது. "நீயும் பாடுடி! உன் புள்ளைக்காகப் பாடு!"

அர்கிரோ வயிற்றை இரு கையாலும் மூடிக்கொண்டு பாடினாள். மூவரும் முதுகைக் காட்டியபடியே ஏறினார்கள். பாட்டுக்கு மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் அந்தக் குரல் அவள் பெயரைச் சொன்னது. வளைவு தாண்டியதும் கடல் மட்டும் கேட்டது.

மறுநாள் பெட்டியைப் புதைத்தார்கள். பாதிரியார் சாம்பிராணி போட்டார். கடைசிக் கல்லை அர்கிரோவே வைத்தாள். புயலுக்குப் பிறகு அன்றுதான் அவள் விடியும்வரை தூங்கினாள்.

அந்த வாரக் கடைசியில், காற்றுக்கு ஒதுங்கிய வெளித்தீவுப் படகொன்று அந்தக் கரையிலிருந்து ஓர் உடலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. தார்ப்பாயை விலக்கி நிகிதாஸின் முகத்தைப் பார்த்த அர்கிரோ தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கடல் கடைசியில குடுத்துடுச்சு" என்று செவஸ்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பெருநிலத்திலிருந்து வந்திருந்த மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தது.

"கடலா? இவர் மூழ்கிச் சாகலைம்மா. ரெண்டு காலும் முறிஞ்சு, பட்டினியில செத்திருக்கார், அதுவும் நேத்துதான். இத்தனை நாள் கத்தியிருப்பாரே, அந்தப் பக்கம் உங்க ஊர்ல ஒருத்தர்கூடப் போகலையா?"